கலைக்களஞ்சியத்துக்குள் புதைந்த ஆய்வு: தாமஸ் கேஸின் கிரிக்கெட்டும் அரிஸ்டாட்டிலும்

தாமஸ் கேஸ் என்ற பெயரைக் கிரிக்கெட் பதிவுகளில் தேடினால், 1864 முதல் 1868 வரை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கும் மிடில்செக்ஸ் கவுண்டி (மாவட்ட) அணிக்கும் ஆடியவர் ஒருவர் கிடைப்பார். மெய்யியல் வரலாற்றில் தேடினால், 1889 முதல் 1910 வரை ஆக்ஸ்ஃபோர்டில் வேன்ஃப்ளீட் என்ற பெயர்கொண்ட மெய்யியல் பேராசிரியர் பதவியில் இருந்தவர் கிடைப்பார். கல்லூரி வரலாற்றில் தேடினால், 1904 முதல் 1924 வரை கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் தலைவராக இருந்து எந்தச் சீர்திருத்தம் வந்தாலும் குறுக்கே நின்ற பழமைவாதி கிடைப்பார். மூவரும் ஒருவரே. 1844 ஜூலை 14 அன்று லிவர்பூலில் பிறந்து, 1925 அக்டோபர் 31 அன்று இறந்தவர்.

கேஸின் தலைசிறந்த வேலை அவர் புத்தகமாக வெளியிட்ட எதிலும் இல்லை. 1910-இல், தம் 66-ஆம் வயதை ஒட்டி, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 11-ஆம் பதிப்புக்கு அரிஸ்டாட்டிலைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த கட்டுரையில் இருக்கிறது. அரிஸ்டாட்டில் நூல்களின் முரண்பாடுகளை அவர் சிந்தனை காலப்போக்கில் வளர்ந்ததால் விளக்குவது, ஜெர்மன் அறிஞர் வெர்னர் யேகர் உலகப் புகழ் பெறக் காரணமான ஆய்வுமுறை. அதன் அடிப்படை, யேகருக்கு முன்பே அந்தக் கட்டுரையில் வந்துவிட்டது. அது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்பதற்கான காரணங்கள் கேஸின் வாழ்க்கையிலேயே சிதறிக் கிடக்கின்றன.

1864: விதிகள் மாறிய ஆண்டு

ரக்பி பள்ளியில் படித்து, பேலியல் கல்லூரியில் சேர்ந்து, 1864-இல் கேஸ் முதல்தர ஆட்டத்துக்கு வருகிறார். ஆங்கிலக் கிரிக்கெட்டில் அதைவிட முக்கியமான ஆண்டு அரிது. அந்த ஆண்டு ஜூன் 10 அன்று, கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. கழகம் பந்துவீச்சு விதியைத் திருத்தியது. அதுவரை கை தோள் மட்டத்துக்கு மேலே போனால் நோ-பால். 1862 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் எட்கர் வில்ஷர் என்ற கென்ட் பந்துவீச்சாளர் கையைத் தூக்கி வீசுகிறார் என்று நடுவர் ஜான் லில்லிவைட் தொடர்ந்து நோ-பால் கொடுக்க, ஆட்டமே அன்றைக்கு நின்றுபோனது. பலர் ஏற்கெனவே கள்ளத்தனமாகச் செய்துவந்ததைத்தான் 1864-இல் சட்டமாக்கினார்கள். விஸ்டன் கிரிக்கெட் ஆண்டு மலரின் முதல் இதழ் வெளிவந்ததும், பின்னாளில் பெரும் புகழ் பெற்ற மட்டையாளர் டபிள்யூ. ஜி. கிரேஸ் 16 வயதில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் முதன்முதலாக மட்டை பிடித்ததும் அதே ஆண்டுதான்.

உயரத்திலிருந்து வேகமாக இறங்கும் பந்தை எதிர்கொள்ள ஆடுகளம் ஒழுங்காக இருக்க வேண்டும். லார்ட்ஸ் அப்போது அப்படி இல்லை. புல்லை மட்டமாக வைக்க ஆடுகளை மேயவிட்ட காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. முதல் முழுநேர மைதானக் காப்பாளரை எம்.சி.சி. நியமித்ததே 1864-இல்தான். ஆடுகளம் மோசம் என்று சொல்லி சசெக்ஸ் அணி அந்த ஆண்டு அங்கே ஆட மறுத்தது. ஒரே இடத்தில் விழும் இரண்டு பந்துகளில் ஒன்று முகத்துக்கு எழும்பும், மற்றொன்று தரையோடு வழுக்கி ஸ்டம்பைப் பெயர்க்கும். அந்தக் காலத்து மட்டையாளர்களின் சராசரி இன்றைய கண்ணுக்குச் சொற்பமாகத் தெரிவதன் முதல் காரணம் இதுதான். 20 ஓட்டம் எடுத்தவரை அன்றைக்கு யாரும் தோற்றவர் என்று சொல்லவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு அணிக்கு அது நல்ல காலம். ஆர். ஏ. எச். மிட்செல் தலைமையிலும் அவருக்குப் பிறகும் 1863 முதல் 1866 வரை கேம்பிரிட்ஜை நான்கு முறை தொடர்ந்து வென்றது. 1867-இல் கேம்பிரிட்ஜ் திருப்பிக் கொடுத்தது. கேஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆடிய காலம் இதற்குள் அடங்கும். அணிக்கு இன்றைய பார்க்ஸ் மைதானம் 1881-இல்தான் கிடைத்தது. அதுவரை ஊருக்கு வெளியே கௌலி மார்ஷில் இருந்த மாட்லின் மைதானம்தான்.

மிடில்செக்ஸ் கவுண்டி சங்கமும் 1864-இல் தொடங்கியதே. இஸ்லிங்டனில் மாட்டுச் சந்தையை ஒட்டிய மைதானம்தான் அதன் முதல் இருப்பிடம். 1868-க்குப் பிறகு அதுவும் கைவிட்டுப் போயிற்று. லிவர்பூலில் பிறந்தவர் மிடில்செக்ஸுக்கு ஆடியது எப்படி என்று கேட்கத் தோன்றும். ஒருவர் எந்தக் கவுண்டிக்கு ஆடலாம் என்ற தகுதி விதிகள் 1873-இல்தான் எழுதப்பட்டன. அதற்கு முன் கவுண்டிகள் வசதிக்கேற்ப ஆட்களைச் சேர்த்துக்கொண்டன.

இவருடைய ஆட்டப் பதிவுகளைச் சரிபார்க்க முனைவோர் சில இடங்களில் தடுக்கி விழுவார்கள். அன்றைய ஓவரில் 4 பந்துகள்தான். 1889-இல்தான் 5 ஆனது, 1900-இல் 6. ஓவர் எண்ணிக்கையை அப்படியே இன்றைய கணக்கில் படித்தால் தவறு. 'முதல்தரம்' என்ற தகுதியும் அன்றைக்கு யாரும் கொடுத்ததில்லை. பிற்காலப் புள்ளிவிவர அறிஞர்கள் பின்னோக்கிக் கொடுத்தது. அதனால் ஒரு பட்டியலில் இருக்கும் ஆட்டம் இன்னொன்றில் இருக்காது. மிடில்செக்ஸ் கவுண்டி அணியையும், 'மிடில்செக்ஸ் கனவான்கள்' என்ற பெயரில் ஆடிய தொழில்முறை அல்லாதோர் அணியையும் குழப்பிக்கொள்வது இன்னொரு வழக்கமான பிழை. பந்துவீச்சு விவரம் முழுமையாக எழுதப்படாத ஸ்கோர் அட்டைகளும் நிறைய. அந்த இடங்களில் எண்ணை ஊகித்து நிரப்பாமல் காலியாக விடுவதுதான் நேர்மை.

ஃபெலோ பதவியும் திருமணமும்

விக்டோரியா காலத்து ஆக்ஸ்ஃபோர்டில் கிரிக்கெட் ஆடியவர்கள் பெரும்பாலும் போன வழிகள் மூன்று: திருச்சபை, வழக்கறிஞர் தொழில், பள்ளி ஆசிரியர் வேலை. மிட்செலே ஈட்டன் பள்ளிக்குப் போய்த் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். முழுநேர மெய்யியல் பேராசிரியர் என்ற தொழிலே அப்போது அரிது. அதற்குக் காரணம் கல்லூரி ஃபெலோ பதவியின் அமைப்பு.

நல்ல தேர்ச்சி பெற்ற இளைஞரைக் கல்லூரி ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்கும். தங்க அறை, சாப்பாடு, கல்லூரி நிலங்களின் வருமானத்தில் ஒரு பங்கு எல்லாம் கிடைக்கும். ஆனால் திருமணம் செய்துகொண்டால் பதவி போய்விடும். அதனால் பெரும்பாலோருக்கு அது சில ஆண்டுகள் தங்கிச் செல்லும் இடமாகவே இருந்தது. கேஸுக்குப் பிரேஸ்நோஸ் கல்லூரியில் இந்தப் பதவி கிடைத்தது. 1870-இல் இசையமைப்பாளர் வில்லியம் ஸ்டெர்ன்டேல் பென்னட்டின் மகள் எலிசபெத்தை மணந்ததோடு அது முடிந்தது.

அவர் ஆக்ஸ்ஃபோர்டை விட்டுப் போகவில்லை. 1876 முதல் கார்ப்பஸ் கிறிஸ்டியில் டியூட்டராகக் கற்பித்தார். 1877-இன் பல்கலைக்கழகச் சட்டமும், அதன் கீழ் 1882-இல் வந்த புதிய விதிகளும்தான் மணமானவர் ஃபெலோவாக நீடிக்கும் வழியைப் பரவலாகத் திறந்தன. கேஸின் கல்வி வாழ்க்கை இந்த மாற்றத்தின் மேல் நிற்கிறது. பிற்பாடு சீர்திருத்தம் என்றாலே எதிர்த்தவர், தம் வாழ்வு ஒரு சீர்திருத்தத்தால் நிலைபெற்றதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

உடலே சாட்சி

கேஸ் மாணவராக இருந்தபோது பேலியல் கல்லூரியின் தலைவர் (மாஸ்டர்), கிரேக்க அகராதி தொகுத்த ராபர்ட் ஸ்காட். செல்வாக்கோ அங்கே கற்பித்த பெஞ்சமின் ஜோவெட்டிடம் இருந்தது. மெய்யியலாளர் டி. எச். கிரீன் அங்கே ஃபெலோவாக இருந்தார். அடுத்த முப்பது ஆண்டுகள் ஆக்ஸ்ஃபோர்டை ஆண்ட கருத்துமுதல்வாதம் அந்தக் கல்லூரியில்தான் வளர்ந்தது. உலகம் அடிப்படையில் அறிவினால் ஆனது, அறிபவன் இன்றி அறியப்படும் பொருள் இல்லை என்பது அதன் சாரம். அதே கல்லூரியில் பயின்ற கேஸ் இதற்கு நேர் எதிராகப் போனார்.

1888-இல் அவர் வெளியிட்ட 'இயற்பியல் மெய்ம்மைவாதம்' என்ற நூலின் வாதம் இப்படிப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள், ஒளியின் வேகம், கோள்களின் ஈர்ப்பு பற்றியெல்லாம் இயற்பியல் நமக்கு உறுதியான அறிவைத் தருகிறது. அந்த அறிவு புலன்களில் தொடங்கி, ஊகித்து ஊகித்து எட்டியது. புலன் தருவது வெறும் மனக்கருத்து என்றால், அதிலிருந்து இன்னொரு மனக்கருத்தைத்தான் ஊகிக்க முடியும். பௌதிகப் பொருளை ஊகிக்க முடியாது. ஆனால் இயற்பியல் பௌதிகப் பொருளை எட்டியிருக்கிறது. எனவே புலன் தருவதும் பௌதிகமாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் நேரடியாக உணர்வது எதை? நெருப்பின் பக்கத்தில் கையை நீட்டினால், நாம் நேரடியாக உணர்வது நெருப்பை அல்ல, சூடேறிய நம் நரம்பை என்றார் கேஸ். வெள்ளைத் தாளைப் பார்த்தால், உணர்வது அதனால் மாறிய பார்வை நரம்பின் நிலையை. அந்த உள் நிலையிலிருந்து, அதைப் போன்ற வெளிக்காரணம் ஒன்றை ஊகிக்கிறோம்.

இதில் பிசகு எங்கே என்பது உடனே தெரியும். மண்டை ஓட்டுக்குள் இருட்டில் கிடக்கும் நரம்பு வெள்ளையாக மாறுவதில்லை. தன் நரம்பைப் பார்த்தவர் யாருமில்லை. நரம்பு என்று ஒன்று இருப்பதே மற்றவர் உடலை அறுத்துப் பார்த்துத்தான் தெரிந்தது. விளைவும் காரணமும் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்ற அனுமானத்துக்கும் அவர் போதிய ஆதாரம் காட்டவில்லை. ஆனாலும் கேள்வியை அவர் வைத்த இடம் சரியானது. இயற்பியலின் வெற்றியை உண்மையென ஏற்றுக்கொண்டு, அதற்கு ஏற்றபடி அறிவைப் பற்றிய கொள்கை அமைய வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். கருத்துமுதல்வாதம் கோலோச்சிய ஆக்ஸ்ஃபோர்டில் இப்படி எழுதத் துணிவு வேண்டும்.

அடுத்த ஆண்டே, எச். டபிள்யூ. சாண்ட்லரின் மறைவால் காலியான வேன்ஃப்ளீட் பேராசிரியர் பதவி கேஸுக்கு வந்தது. மாட்லின் கல்லூரியோடு இணைந்த பதவி அது. 1904-இல் தாமஸ் ஃபௌலருக்குப் பின் கார்ப்பஸ் தலைவரானார். 1910 வரை ஆறு ஆண்டுகள் இரண்டு பொறுப்புகளையும் சேர்த்தே சுமந்தார்.

நாளிதழுக்குக் கடிதம் எழுதிய கை

கேஸ் இரண்டாவது பெரிய மெய்யியல் நூல் எழுதவில்லை. அவருடைய நேரத்தில் பெரும்பங்கை விழுங்கியது பல்கலைக்கழக அரசியல். 'தி டைம்ஸ்' நாளிதழுக்கு 1884 முதல் 1922 வரை அவர் எழுதிய கடிதங்கள் அவர் மறைந்த பிறகு ஒரு நூலாகவே வந்தன. புனித மேரி தேவாலயக் கோபுரத்தைக் கட்டடக் கலைஞர் டி. ஜி. ஜாக்சன் புதுப்பித்தபோது, அதன் உச்சியைச் சுற்றியுள்ள சிறுகோபுரக் கொத்துகளின் பழைய வரலாற்றைத் துருவி 1893-இல் ஒரு புத்தகமே போட்டார். பார்க்ஸ் மைதானத்தில் 1881-இல் பெவிலியன் கட்டியவரும் இதே ஜாக்சன்தான்.

பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதை அவர் எதிர்த்ததுதான் இவருடைய பொதுவாழ்வின் மிக மோசமான பகுதி. 1884-இல் பல்கலைக்கழகத்தின் சிறப்புத் தேர்வுகள் பெண்களுக்குத் திறந்தன. 1895-இல், தேர்வில் தேறியவர்களுக்குப் பட்டமும் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, கூடாது என்று 'ஃபோர்ட்நைட்லி ரிவ்யூ'வில் கட்டுரை எழுதினார். 1896-இல் தீர்மானம் தோற்றது. அதே கார்ப்பஸ் கல்லூரியில் ஃபெலோவாக இருந்த ஆர்தர் சிட்ஜ்விக் பெண் கல்விக்காக முன்னின்று உழைத்தவர். ஒரே சிறிய கல்லூரியின் உணவு மேசையில் இரு தரப்பும் உட்கார்ந்திருந்தன. 1920-இல், கேஸ் தலைவராக இருக்கும்போதே, பெண்கள் பட்டம் பெற்றார்கள்.

அவருடைய வாதம் தவறு. கண்ணால் கண்ட சாட்சியிலிருந்தே அறிவு தொடங்க வேண்டும் என்று நூல் எழுதியவர், தேர்வு முடிவுப் பட்டியல்களில் முதல் வகுப்பில் பெண்கள் இருந்ததைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. இதை அந்தக் காலத்து மனப்பான்மை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது, ஏனென்றால் அதே காலத்தில் சிட்ஜ்விக்கும் இருந்தார். இந்தச் சண்டைகள் கேஸைப் பழமைவாதி என்ற ஒற்றைப் பட்டத்துக்குள் அடைத்துவிட்டன. அவர் புதிதாக ஏதாவது சொல்லியிருப்பார் என்று பிறகு யாரும் தேடவில்லை.

அரிஸ்டாட்டில் எப்போது எதை எழுதினார்?

சிக்கல் பழையது. அரிஸ்டாட்டில் பெயரில் நமக்கு வந்திருக்கும் நூல்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஒரே நூலுக்குள்ளும் முரண்பாடு உண்டு. அறவியலில் மட்டும் மூன்று நூல்கள்: 10 புத்தகங்கள் கொண்ட நிக்கோமாக்கியன், 8 புத்தகங்கள் கொண்ட யூடெமியன், பெயரில் மட்டும் பெரிதான 'மேக்னா மொராலியா'. இதில் முதல் இரண்டுக்கும் மூன்று புத்தகங்கள் பொது. 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் பெரும்பாலோர் கண்ட தீர்வு, நிக்கோமாக்கியன் மட்டும் அரிஸ்டாட்டிலுடையது, யூடெமியன் அவருடைய மாணவர் யூடெமஸ் எழுதியது, மூன்றாவது பின்னால் வந்த யாரோ செய்த சுருக்கம் என்பது. முரண்பாடு வந்தால் வேறு ஆள் என்று சொல்லிவிடுவது வசதியான வழி.

கேஸ் வேறு வழி எடுத்தார். ஆளை மாற்றாமல் காலத்தை மாற்றினார். அரிஸ்டாட்டில் கி.மு. 384-இல் பிறந்தவர். 17 வயதளவில் பிளேட்டோவின் கழகத்தில் சேர்ந்து, பிளேட்டோ இறந்த கி.மு. 347 வரை ஏறக்குறைய 20 ஆண்டுகள் அங்கே இருந்தவர். கி.மு. 335-இல் ஏதென்ஸ் திரும்பித் தம் பள்ளியைத் தொடங்கி, கி.மு. 322-இல் இறந்தவர். இவ்வளவு நீண்ட எழுத்து வாழ்க்கையை வைத்துக்கொண்டு, எல்லா நூல்களையும் கடைசி 13 ஆண்டுகளில் ஒரே மனநிலையில் எழுதினார் என்று கொள்வது நம்பத் தகுந்ததா?

அவர் காட்டிய சான்றுகள் நூல்களுக்குள்ளேயே இருப்பவை. வானிலையியல் நூலில், எபேசஸ் கோவில் எரிந்தது 'இப்போது' நடந்த செய்தியாக வருகிறது. அது கி.மு. 356. அதே நூலில் கி.மு. 341-இல் ஏதென்ஸின் ஆட்சியாளராக இருந்தவரின் காலத்தில் தெரிந்த வால்மீனும் வருகிறது. அரசியல் நூலில், சிரக்கூஸ் மன்னன் டயோனைசியஸின் வீழ்ச்சி 'இப்போது' என்ற சொல்லோடு வருகிறது. அது கி.மு. 350-களின் செய்தி. அதே புத்தகத்தில், கி.மு. 336-இல் நடந்த மாசிடோனிய மன்னன் பிலிப்பின் கொலையும் பதிவாகியிருக்கிறது. ஒரே நூலுக்குள் 15 அல்லது 20 ஆண்டு இடைவெளியில் இரண்டு 'நிகழ்காலங்கள்'. இதிலிருந்து கேஸ் எடுத்த முடிவு: இவை எழுதி முடித்து வெளியிட்ட நூல்கள் அல்ல. பள்ளியில் கைவசம் இருந்த பப்பிரஸ் சுருள்களை அரிஸ்டாட்டில் ஆண்டுக்கணக்கில் திருத்தியும் சேர்த்தும் வந்தார். பல நூல்கள் ஒரே காலத்தில் இணையாக வளர்ந்தன. பழைய வரைவும் புதிய வரைவும் அருகருகே தங்கிவிட்டன.

இந்த அடிப்படையில் யூடெமியனும் மேக்னா மொராலியாவும் அரிஸ்டாட்டிலே முன்பு எழுதிய முதிராத வரைவுகள், நிக்கோமாக்கியன் முதிர்ந்த வடிவம் என்றார். பேச்சுக்கலையிலும் இதே அளவுகோலை வைத்து, 'அலெக்சாண்டருக்கு எழுதிய பேச்சுக்கலை' என்ற நூலையும் அரிஸ்டாட்டிலின் தொடக்க கால ஆக்கமாகச் சேர்த்தார்.

கடைசியாகச் சொன்னதில் அவர் சறுக்கினார். அந்தப் பேச்சுக்கலை நூலை இன்று பெரும்பாலோர் லாம்ப்சகஸ் ஊர் அனாக்சிமெனீஸுக்குக் கொடுக்கிறார்கள். மேக்னா மொராலியா பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. முரண்பாட்டைக் காலத்தால் விளக்கும் முறை கையில் வந்துவிட்டால், உண்மையிலேயே வேறு ஆள் எழுதியதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கேஸ் அதில் மாட்டினார். யூடெமியன் விஷயத்தில் அவர் சொன்னது நிலைத்துவிட்டது. அது அரிஸ்டாட்டிலின் நூல்தான் என்பதே இன்றைய பொதுக்கருத்து.

யேகர் பிறந்தது 1888-இல், கேஸின் மெய்யியல் நூல் வெளிவந்த அதே ஆண்டு. அவர் 1912-இல் அரிஸ்டாட்டிலின் 'மெட்டாஃபிசிக்ஸ்' நூலின் உருவாக்கம் பற்றிய ஆய்வையும், 1923-இல் அரிஸ்டாட்டிலின் வளர்ச்சி பற்றிய பெரிய நூலையும் வெளியிட்டார். அவருடைய கூர்மை மறுக்க முடியாதது. பொருள்களுக்கு அப்பால் நிலையான வடிவங்கள் உண்டு என்ற பிளேட்டோவின் கொள்கையை மறுக்கும் ஒரே பகுதி, மெட்டாஃபிசிக்ஸின் முதல் புத்தகத்திலும் 13-ஆம் புத்தகத்திலும் ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் வருகிறது. முதலாவதில் பிளேட்டோவின் சீடர்களை 'நாம்' என்கிறார் அரிஸ்டாட்டில். பின்னதில் 'அவர்கள்' என்கிறார். தன்னை அந்தக் கூட்டத்தில் ஒருவனாக எண்ணிய காலமும், வெளியே நின்ற காலமும் ஒரு சுட்டுப்பெயரில் பிடிபடுகின்றன. இத்தகைய நுணுக்கமும், பிளேட்டோவிலிருந்து விலகி அனுபவ ஆய்வுக்கு நகர்ந்த ஒரு மனத்தின் சித்திரமும் யேகரின் நூலைப் பரப்பின. அந்த அளவு தெளிவான கதைக்கோடு கேஸிடம் இல்லை.

வெளியீட்டு இடமும் காரணம். கலைக்களஞ்சியக் கட்டுரையை மாணவர் படிப்பார். ஆய்விதழ் மதிப்புரை எழுதாது. கட்டுரையின் முடிவில் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் இருக்கும். முழுப்பெயர் வேண்டுமானால் தொகுதியின் முன்பக்கப் பட்டியலைப் பார்க்க வேண்டும். எழுதியவரோ பெண் பட்டத்துக்கு எதிரான கடிதங்களால் அறியப்பட்டவர். 1924-இல், 80 வயதில், கார்ப்பஸ் தலைமையை எராஸ்மஸ் அறிஞர் பி. எஸ். ஆலனிடம் விட்டு இறங்கினார். யேகரின் நூல் ஆங்கிலத்தில் வந்தது 1934-இல். அதன் பிறகு, அரிஸ்டாட்டில் ஆய்வின் வரலாற்றை எழுதியவர்கள் பின்னோக்கித் தேடியபோதுதான் கேஸின் பெயர் முன்னோடி என்ற இடத்துக்கு வந்தது.

இதை நேரில் படிக்க விரும்புவோர் 11-ஆம் பதிப்பின் 2-ஆம் தொகுதியை எடுக்க வேண்டும். பிற்காலப் பதிப்புகளில் அரிஸ்டாட்டில் கட்டுரை வேறு கைகளுக்குப் போய்விட்டதால் பதிப்பு எண் முக்கியம். வாழ்க்கை வரலாற்றுப் பகுதியைத் தாண்டி, நூல்கள் உருவான விதத்தைப் பேசும் நடுப்பகுதியிலிருந்து தொடங்கலாம். பக்கத்தில் அரசியல் நூலின் 5-ஆம் புத்தகம், 10-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டால், டயோனைசியஸின் 'இப்போது'வும் பிலிப்பின் கொலையும் ஒரே அதிகாரத்தில், அடுத்தடுத்த பக்கங்களில் கிடைக்கும்.